காலணாவுக்கு ஒரு பொட்டலம் கொய்னா - தபால் ஆபீஸ் மருந்துக்கடையான கதை

தபால் ஆபீஸில் என்னென்ன வாங்கலாம்? ஸ்டாம்பு, கவர், கார்டு. 2016 முதல் கங்கை ஜலம்கூட பாட்டிலில் கிடைக்கிறது. ஆனால் சுமார் நூற்றிமுப்பது வருடங்களுக்கு முன்னால், அதே கவுண்டரில் காலணாவை நீட்டியவர் இரண்டு பொருள்களில் ஒன்றை வாங்கிக்கொண்டு போகலாம். ஒன்று, போஸ்ட் கார்டு. இன்னொன்று, காய்ச்சலுக்குக் கொய்னா பொட்டலம்!

நம்புவதற்குக் கஷ்டமாக இருக்கலாம். ஆனால் பிரிட்டிஷ் இந்தியாவில் பொது சுகாதாரம் என்ற பெயரில் நடந்தவற்றில், சாதாரண கிராமத்தானின் கைக்கு நேரடியாக எட்டிய மிகச் சில விஷயங்களில் இதுவும் ஒன்று. எட்டியது என்றால் எவ்வளவு தூரம் எட்டியது, யாருக்கு எட்டவில்லை என்பதுதான் இந்தக் கதையில் முக்கியமான பகுதி. அதற்கு முன் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

மலையடிவாரத்துக் காய்ச்சல்

ஆத்தூர் என்றதும் பலருக்கும் சேலம் மாவட்டத்து ஆத்தூர்தான் ஞாபகத்துக்கு வரும். இது திண்டுக்கல் ஆத்தூர். செம்பட்டிக்குப் பக்கத்தில், பழனி மலைத்தொடரின் கீழ்ச்சரிவு சமவெளியில் வந்து முடிகிற இடத்தில் இருக்கிறது. மலையிலிருந்து ஓடைகள் இறங்கி வரும். திண்டுக்கல் நகரத்துக்குக் குடிதண்ணீர் கொடுக்கும் காமராஜர் நீர்த்தேக்கம் இங்கேதான் இருக்கிறது. பார்க்க அழகான இடம். ஆனால் பழைய காலத்தில் மலையடிவாரம் என்றாலே ஜனங்களுக்கு ஒரு பயம். காரணம் காய்ச்சல். நடுங்க வைக்கும் குளிர், பிறகு உடம்பு கொதிக்கும் சூடு, பிறகு வியர்வை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் முறை வைத்துக்கொண்டு வருவதால் இதற்கு முறைக்காய்ச்சல் என்றே பெயர். மலைக்காய்ச்சல் என்றும் குளிர்காய்ச்சல் என்றும் சொல்வார்கள். இன்று நாம் மலேரியா என்கிறோம்.

திண்டுக்கல் சீமை திப்பு சுல்தானிடமிருந்து கும்பினியார் கைக்கு முறைப்படி வந்தது 1792ல், ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையின்படி. அவர்கள் வந்து இருபது வருடம் ஆவதற்குள் பெரிய சோதனை ஒன்று வந்தது. 1809, 1810, 1811 ஆகிய மூன்று வருடங்களில் கோயம்புத்தூர், திண்டுக்கல், மதுரை, திருநெல்வேலி சீமைகளில் காய்ச்சல் பரவி ஜனங்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். இதன் காரணத்தை ஆராய சென்னை அரசாங்கம் ஒரு மருத்துவக் குழுவை அமைத்தது. அதில் முக்கியமானவர் டாக்டர் ஐன்ஸ்லி. நம் நாட்டு மருந்துச் சரக்குகளைப் பற்றிப் பெரிய புத்தகம் எழுதியவர் இவர்தான். குழுவின் அறிக்கை 1816ல் லண்டனில் அச்சாகி வெளிவந்தது.

அறிக்கை சொன்ன காரணம் என்ன? பருவம் தவறிய கடும் மழை, தேங்கிய நீர், சதுப்பு நிலத்திலிருந்தும் மலைக்காட்டிலிருந்தும் கிளம்பும் கெட்ட காற்று. இன்று படித்தால் சிரிப்பு வரும். ஆனால் சிரிக்க வேண்டியதில்லை. அவர்கள் கவனித்தது சரி, காரணம் சொன்னதுதான் தவறு. மலையடிவாரத்து ஓடைகளில் வளரும் அனாபிலிஸ் கொசு வகை ஒன்று உண்டு. சமவெளியில் கிணறுகளிலும் வாய்க்கால்களிலும் வளரும் வகை ஒன்று உண்டு. மழை அதிகமாகி நீர் தேங்கினால் கொசு பெருகும். மலைக்குப் பக்கத்தில் காய்ச்சல் அதிகம் என்பது உண்மை. ஆனால் காற்று அல்ல, காற்றில் பறந்து வந்தது வேறு ஒன்று என்பதைக் கண்டுபிடிக்க இன்னும் எண்பத்தைந்து வருடங்கள் ஆயின. செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றுக்குள் மலேரியா கிருமியைப் பார்த்தது 1897 ஆகஸ்டு 20ஆம் தேதி.

அந்தக் காலத்தில் மருந்து இருந்ததா என்றால், இருந்தது. தென் அமெரிக்காவில் பெரு நாட்டு மலைகளில் வளரும் சின்கோனா மரத்தின் பட்டை. அதைப் பொடி செய்து சாப்பிட்டால் காய்ச்சல் நிற்கும் என்று ஐரோப்பியர்களுக்குப் பதினேழாம் நூற்றாண்டிலேயே தெரியும். ஆனால் பெருவிலிருந்து ஐரோப்பாவுக்கு, அங்கிருந்து கப்பலில் சென்னைக்கு, சென்னையிலிருந்து திண்டுக்கல்லுக்கு என்று வந்து சேரும்போது அது தங்கம் மாதிரி. பட்டாளத்துச் சிப்பாய்க்கும் துரைமாருக்கும் கிடைக்கும். ஆத்தூர் பக்கத்துக் குடியானவனுக்கு நிலவேம்புக் கஷாயமும் மாரியம்மனும்தான் துணை.

தபாலும் அந்தக் காலத்தில் அப்படித்தான் இருந்தது. சென்னையில் பொதுத் தபால் ஆபீஸ் 1786 ஜூன் 1ஆம் தேதி ஆரம்பமானது. அது முதலில் கும்பினியின் வசதிக்காக. தனியார் கடிதங்களைக் காசு வாங்கிக்கொண்டு எடுத்துப்போவார்கள், அவ்வளவுதான். தூரத்துக்குத் தகுந்தபடி கட்டணம் ஏறும். ஓட்டக்காரர்கள் கைமாற்றி கைமாற்றிப் பையைக் கொண்டுபோவார்கள். ஏழை எளியவர்கள் கடிதம் எழுதுவது என்பதே நினைத்துப் பார்க்க முடியாத செலவு. ஆக 1810ல் தபாலும் மருந்தும் ஒரே மாதிரிதான்: இருந்தது, ஆனால் ஊருக்கு இல்லை.

இரண்டும் மலிவான கதை

தபால் முதலில் மலிவானது. 1854 அக்டோபர் 1ஆம் தேதி முதல் இந்தியா முழுவதும் ஒரே கட்டணம். அரை அணா ஸ்டாம்பு ஒட்டினால் கடிதம் திண்டுக்கல்லிலிருந்து பெஷாவர் வரைகூடப் போகும். 1875ல் திருச்சியிலிருந்து திண்டுக்கல் வழியாக மதுரைக்கு ரயில் வந்தது. தபால் பை ரயிலேறியது. 1879 ஜூலையில் போஸ்ட் கார்டு வந்தது, விலை காலணா. 1880ல் மணி ஆர்டர், 1882ல் சேமிப்பு வங்கி. முப்பது வருடத்துக்குள் தபால் ஆபீஸ் என்பது அரசாங்கத்தின் எல்லா வேலைக்கும் ஒரு கிராமத்து ஜன்னல் மாதிரி ஆகிவிட்டது. போலீஸ் ஸ்டேஷன் பயத்தைக் கொடுக்கும், தாலுகா கச்சேரி வரியைக் கேட்கும். தபால் ஆபீஸ் மட்டும்தான் ஜனங்கள் தாங்களாகவே தேடி வந்த சர்க்கார் இடம்.

மருந்து மலிவான கதை இன்னும் சுவாரஸ்யமானது. 1820ல் பெல்லட்டியே, காவாந்து என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் சின்கோனா பட்டையிலிருந்து கொய்னாவைத் தனியே பிரித்தெடுத்தார்கள். பட்டைக்கு ஏகப்பட்ட கிராக்கி. தென் அமெரிக்காவில் காடுகள் அழிந்தன. பிரிட்டிஷார் 1860ல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் என்பவரை அனுப்பி செடிகளையும் விதைகளையும் கொண்டுவரச் செய்தார்கள். அந்த நாட்டுக்காரர்களுக்கு இதில் விருப்பமே கிடையாது. திருட்டு என்று சொன்னால் கோபம் வரும், ஆனால் வேறு நல்ல வார்த்தை இல்லை. செடிகள் வந்து இறங்கிய இடம் நம் நீலகிரி. ஊட்டி அரசு தோட்டத்தின் தலைவராக இருந்த மெக்கைவர் அவற்றை வளர்த்தார். தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் பெரிய தோட்டங்கள் உருவாயின. மரத்தை வெட்டாமல் பட்டையைக் கீற்றுக் கீற்றாக உரித்து, உரித்த இடத்தில் பாசியைக் கட்டி வைத்தால் மறுபடி பட்டை வளரும் என்பது மெக்கைவர் கண்டுபிடித்த முறை.

நடுவட்டத்தில் காட்டை வெட்டியவர்களில் சீனக் கைதிகளும் உண்டு. மலாய்ப் பகுதியிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்டவர்கள். விடுதலையான பிறகு சிலர் நீலகிரியிலேயே தங்கி, தமிழ்ப் பெண்களைக் கல்யாணம் செய்துகொண்டு, காய்கறியும் பாலும் விற்று வாழ்ந்தார்கள். இது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

1866 முதல் சென்னை மாகாணத்தில் டாக்டர்கள் குழு ஒன்று, கொய்னாவோடு அதே பட்டையில் இருக்கும் மற்ற மூன்று சத்துக்களையும் காய்ச்சல்காரர்களுக்குக் கொடுத்துப் பார்த்தது. எல்லாமே ஏறக்குறைய ஒரே மாதிரி வேலை செய்கின்றன என்று தெரிந்தது. இது பெரிய விஷயம். ஏனென்றால் சுத்தமான கொய்னாவைப் பிரிக்கத்தான் செலவு அதிகம். எல்லாம் கலந்த மருந்து என்றால் மலிவாகக் கொடுக்கலாம். ஆனாலும் 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் வந்தபோது இந்த மலிவு மருந்து கிராமங்களுக்குப் போகவில்லை. பசியில் செத்தவர்களுக்கு நிகராக, பஞ்சம் முடிந்து மழை பெய்த பிறகு காய்ச்சலில் செத்தார்கள். மெலிந்த உடம்பு; மழை வந்தது, கொசு வந்தது, அவ்வளவுதான்.

உலக அளவில் விலையை உடைத்தது சிலோன். அங்கே காப்பிச் செடிகளுக்கு நோய் வந்து தோட்டங்கள் அழிந்தபோது துரைமார்கள் அவசர அவசரமாக சின்கோனா நட்டார்கள். 1880களின் நடுவில் சிலோனிலிருந்து வருடத்துக்கு ஒரு கோடி பவுண்டுக்கும் மேல் பட்டை ஏற்றுமதியானது. விலை தலைகுப்புற விழுந்தது. துரைமார்கள் சின்கோனாவைப் பிடுங்கிவிட்டுத் தேயிலைக்குப் போனார்கள். அந்தப் பட்டையை உரித்த கைகள் யாருடையவை? மதுரை, திருச்சி, புதுக்கோட்டை, சேலம் பக்கத்திலிருந்து கங்காணி கூட்டிப்போன தமிழ்க் கூலிகளுடையவை. தபால் ஆபீஸில் காலணாவுக்கு மருந்து விற்க முடிந்ததற்கு இவர்களும் ஒரு காரணம் என்பதை எந்தச் சர்க்கார் அறிக்கையும் சொல்வதில்லை.

பொட்டலம் வந்தது

யோசனை கல்கத்தாவில் பிறந்தது. அங்கே தாவரவியல் தோட்டத்தின் தலைவராக இருந்த ஜார்ஜ் கிங், வங்காள அரசின் சின்கோனா தோட்டங்களுக்கும் பொறுப்பாளர். 1892ல் வங்காளத்துத் தபால் ஆபீஸ்களில், ஒரு பைசாவுக்கு ஒரு வேளை மருந்து என்று கொய்னா பொட்டலங்கள் விற்பனைக்கு வந்தன. (அந்தக் காலத்துப் பைசா என்றால் காலணா. ஒரு ரூபாய்க்கு 64.) பொட்டலம் கட்டியது அலிப்பூர் ஜெயில் கைதிகள். 1890களிலேயே மற்ற மாகாணங்களும் இதைப் பின்பற்றின. சென்னை மாகாணத்துக்கு மருந்து கொடுத்தது நடுவட்டத்து அரசு தொழிற்சாலை.

இங்கே ஒரு குழப்பம் வரலாம். சென்னையிலும் ஒரு கிங் இருந்தார். அவர் டபிள்யூ.ஜி. கிங், மாகாண சுகாதாரக் கமிஷனர். கிண்டியில் இருக்கும் கிங் நிலையம் இவர் பெயரில்தான். கொய்னா பொட்டலத்து கிங் வேறு, கிண்டி கிங் வேறு.

ஏன் தபால் ஆபீஸ்? மருந்துக்கடை வைத்து விற்கக்கூடாதா, ஆஸ்பத்திரியில் கொடுக்கக்கூடாதா என்று கேட்கலாம். ஆஸ்பத்திரி எங்கே இருந்தது? திண்டுக்கல் 1866லேயே முனிசிபாலிட்டி ஆகிவிட்டது. அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்டு செஸ்டர் 1859ல் வந்து, நாற்பது வருடங்களுக்கு மேல் இந்த வட்டாரத்தில் பாதிரியாராகவும் டாக்டராகவும் வேலை பார்த்தார். அவருடைய மருத்துவமனைக்குச் சுற்றுப்பட்டுக் கிராமத்து ஜனங்கள் நடந்தும் வண்டி கட்டிக்கொண்டும் வந்தார்கள். ஆனால் குளிர் நடுக்கத்தில் கிடப்பவனால் பத்து மைல் நடக்க முடியுமா? இன்னொன்று கலப்படம். சந்தையில் விற்ற கொய்னாவில் மாவு கலப்பது சர்வசாதாரணம். வெள்ளைப் பொடி, கசப்பாக இருந்தால் போதும். தபால் ஆபீஸ் பொட்டலம் என்றால் சர்க்கார் கட்டி ஒட்டியது. கலப்படம் செய்ய முடியாது, கூட விலை சொல்ல முடியாது. ஸ்டாம்பை எப்படி அச்சிட்ட விலைக்கே விற்றாக வேண்டுமோ அதே மாதிரி.

நடைமுறை சுலபமானது. பெரிய ஆபீஸ் மருந்தை வரவழைத்துக் கிளை ஆபீஸ்களுக்கு அனுப்பும். போஸ்ட்மாஸ்டர் விற்று, காசைக் கணக்கில் சேர்ப்பார். அவருக்குச் சிறு கமிஷன் உண்டு. கிராமத்துக் கிளை ஆபீஸ் போஸ்ட்மாஸ்டர் என்பவர் முழுநேர உத்தியோகஸ்தர் இல்லை. பெரும்பாலும் ஊர்ப் பள்ளிக்கூடத்து வாத்தியார். காலையில் பாடம், நடுவில் தபால் முத்திரை, யாராவது கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து நின்றால் கொய்னா. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பதும் வாசித்துக் காட்டுவதும் அவர்தான், மருந்தை எப்படிச் சாப்பிடுவது என்று சொல்வதும் அவர்தான். ஆக வாத்தியார், போஸ்ட்மாஸ்டர், அரை வைத்தியர் என்று ஒரு மனிதருக்கு மூன்று வேலை. மூன்றுக்கும் சேர்த்துச் சம்பளம் கொஞ்சம்தான்!

தபால் இலாகாவுக்கு இதில் பெருமை உண்டு. 1921ல் தபால் துறை அதிகாரி ஜெஃப்ரி கிளார்க் இந்தியத் தபாலின் வரலாற்றைப் புத்தகமாக எழுதியபோது, இலாகா செய்கிற பல வேலைகளில் கொய்னா விற்பதையும் சேர்த்துக்கொண்டார்.

மருந்து மட்டும் அல்ல. அம்மைப் பால் கதையும் தபாலோடு சேர்ந்ததுதான். முதலில் அம்மை குத்தியது கைவிட்டுக் கை: குத்தின பிள்ளையின் புண்ணிலிருந்து எடுத்து அடுத்த பிள்ளைக்கு. பெற்றோர்கள் விடுவார்களா? சண்டைதான். அதுவும் வேறு சாதிப் பிள்ளையின் உடம்பிலிருந்து எடுத்தது என்றால் கேட்கவே வேண்டாம். கன்றுக்குட்டியின் தோலில் வளர்த்த பாலை லானோலின் என்ற ஆட்டு ரோமக் கொழுப்பில் கலந்து வைத்தால் நம் ஊர் வெயிலிலும் சீக்கிரம் கெடாது என்று காட்டியவர் கிண்டி கிங். பிறகு கிண்டியில் தயாரான பால் தபாலிலும் ரயிலிலும் மாகாணம் முழுக்கப் போனது. எதிர்த்திசையில், கிராம முன்சீப் எழுதிய பிறப்பு இறப்புக் கணக்கும், காலரா வந்த செய்தியும் மேலிடத்துக்குப் போயின. பழனியில் தைப்பூசம், பங்குனி உத்திரம் என்றால் லட்சக்கணக்கில் கூட்டம். கூட்டம் கலைந்து போகும் வழியெல்லாம் காலரா. எந்த ஊரில் எத்தனை பேர் என்ற செய்தி எவ்வளவு சீக்கிரம் போகிறது என்பதைப் பொறுத்துத்தான் மேலே இருப்பவர்கள் எதையாவது செய்ய முடியும். பெரும்பாலும் செய்தி போய்ச் சேரும்போது சுடுகாட்டு வேலை முடிந்திருக்கும்.

முன்சீப்பின் கணக்கில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. காலரா, அம்மை என்று முகத்தில் எழுதியிருக்கிற வியாதிகளைத் தவிர மற்றதெல்லாம் 'காய்ச்சல்'. எந்த வருடத்து அறிக்கையை எடுத்தாலும் காய்ச்சல் என்ற பத்தியில்தான் எண்ணிக்கை மலை மாதிரி இருக்கும். அதில் மலேரியா எவ்வளவு, டைபாய்டு எவ்வளவு, நிமோனியா எவ்வளவு என்பது கடவுளுக்கே வெளிச்சம்.

எட்டாத ஜன்னல்

சரி, காலணா மருந்து ஏழைக்கு எட்டியதா?

முதல் தடை காசு. 1900 வாக்கில் வயல்வேலை செய்யும் ஆளுக்கு நாள் கூலி இரண்டு மூன்று அணா. பெண்களுக்கு அதைவிடக் குறைவு. பல இடங்களில் கூலி காசாகவே கிடையாது, தானியம்தான். ஒரு பொட்டலத்தில் இருந்த மருந்தின் அளவு இடத்துக்கும் காலத்துக்கும் தகுந்தபடி மாறியது. ஏழு கிரெயின், அதாவது அரை கிராமுக்குக் கொஞ்சம் குறைவு, என்பது வழக்கமான அளவுகளில் ஒன்று. அது பெரிய ஆளுக்கு ஒரு வேளை மருந்து. ஒரு நாளைக்கு இரண்டு என்று ஒரு வாரம் சாப்பிட்டால் 14 பொட்டலம், மூன்றரை அணா. ஒரு நாள் கூலிக்கும் மேல். வீட்டில் மூன்று பேர் படுத்தால்? அதுவும் படுத்த நாளில் கூலியும் இல்லை. அதனால் ஜனங்கள் ஒன்றோ இரண்டோ வாங்கிச் சாப்பிடுவார்கள். காய்ச்சல் இறங்கும். நிறுத்திவிடுவார்கள். ரத்தத்தில் கிருமி அப்படியே இருக்கும், பத்து நாளில் மறுபடி நடுக்கம். 'கொய்னா கேட்கவில்லை' என்று பேர்! காது அடைக்கும், தலை சுற்றும், உடம்புக்குச் சூடு, கர்ப்பிணிக்கு ஆகாது என்ற பயம் வேறு. இதில் பாதி நிஜமும்கூட.

இரண்டாவது தடை தூரம். எல்லா ஊரிலும் தபால் ஆபீஸ் கிடையாது. பல ஊர்களுக்குத் தபால்காரர் வாரத்துக்கு ஒரு முறையோ இரண்டு முறையோதான் வருவார். மலேரியா அதிகமாக இருந்தது சிறுமலையிலும் கீழ்ப்பழனி மலைக் கிராமங்களிலும். அங்கேதான் தபால் ஆபீஸ் மிகக் குறைவு. கொடைக்கானலை எடுத்துக்கொள்ளுங்கள். 1845ல் அமெரிக்க மிஷனரிகள் அங்கே வீடு கட்டியதற்கே காரணம், சமவெளியின் வியாதிகளில் தங்கள் குடும்பங்கள் செத்துக்கொண்டிருந்ததுதான். அம்மையநாயக்கனூர் ரயில் நிலையத்தில் இறங்கி, மாட்டு வண்டியில் பெரியகுளம் பக்கம் போய், அங்கிருந்து மலை ஏறுவார்கள். துரைகளைத் தூக்கிக்கொண்டும், தபால் பையைச் சுமந்துகொண்டும் ஏறி இறங்கிய ஆட்கள் அந்த அடிவாரத்துக் காய்ச்சல் பூமியிலேயே வாழ்ந்தவர்கள். மேலே ஏரிக்கரையில் சுத்தமான காற்று, கீழே நடுக்கம்.

மூன்றாவது தடைதான் மிக மோசமானது. தபால் ஆபீஸ் எந்தத் தெருவில் இருந்தது? பல கிராமங்களில் அக்கிரகாரத்தில், இல்லையென்றால் வேறு மேல்சாதித் தெருவில். போஸ்ட்மாஸ்டர் வீட்டுத் திண்ணையே ஆபீஸ். சேரியில் இருப்பவர் அந்தத் தெருவுக்குள் கால் வைக்க முடியாது. தூரத்தில் நின்று கூப்பிட வேண்டும். யாராவது இரக்கப்பட்டு வாங்கிக் கொடுத்தால் உண்டு. அதாவது காலணா கையில் இருந்தும், மருந்து கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருந்தும், நடுவில் ஒரு தெரு. சர்க்கார் ஆபீஸை அங்கே வைத்தது சர்க்கார்தான். வசதியான வீடு, எழுதப் படிக்கத் தெரிந்த ஆள் என்று பார்த்தபோது அங்கேதான் கிடைத்தது என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் மருந்தை அதே ஜன்னலில் வைத்தபோது யார் வர முடியாது என்று யாருமே யோசிக்கவில்லை என்பது நம்ப முடியாத அலட்சியம். கொசுக்கு எந்தத் தெருவும் தடை இல்லை.

இது வெறும் கிராமத்து வழக்கம் என்று விட்டுவிட முடியாது. இதற்காகச் சட்டசபைக்கே போக வேண்டியிருந்தது. 1923ல் சென்னை சட்டசபைக்கு நியமிக்கப்பட்ட இரட்டைமலை சீனிவாசன் 1924ல் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், சர்க்கார் அலுவலகம் எதுவானாலும் எல்லா வகுப்பாருக்கும் உரிமை உண்டு என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறி அரசாணையும் வந்தது. வங்காளத்தில் முதல் கொய்னா பொட்டலம் விற்று 32 வருடம் கழித்து! அரசாணை வந்த மறுநாளே தெருக்கள் திறந்துவிடவில்லை என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

பொட்டலத்தின் கடைசிக் காலம்

1909 அக்டோபரில் சிம்லாவில் மலேரியா மாநாடு ஒன்று கூடியது. அதற்குள் கொசுதான் காரணம் என்று தெரிந்துவிட்டது. கொசுவை ஒழிப்பதா, கொய்னாவைக் கொடுப்பதா என்று பெரிய விவாதம். நீர் தேங்காமல் செய்ய வாய்க்கால் வெட்ட வேண்டும், அதற்குப் பணம் வேண்டும். கொய்னா மலிவு, விற்றால் காசும் திரும்ப வரும். அரசாங்கம் எதன் பக்கம் சாய்ந்திருக்கும் என்று சொல்ல வேண்டுமா? பொடிக்குப் பதில் மாத்திரைகள் வந்தன. ஒரு வேளைப் பொட்டலம் போதாது என்று உணர்ந்து, சில மாகாணங்களில் முழு சிகிச்சைக்கும் சேர்த்து ஒரே குழாயில் விற்க ஆரம்பித்தார்கள்.

ஆனால் மருந்து எப்போதும் பற்றவில்லை. இதற்குப் பின்னால் ஒரு பழைய முட்டாள்தனம் இருக்கிறது. 1865ல் சார்லஸ் லெட்ஜர் என்பவர் பொலிவியாவிலிருந்து அருமையான சின்கோனா விதைகளைக் கொண்டுவந்து பிரிட்டிஷாரிடம் விலை பேசினார். வேண்டாம் என்றுவிட்டார்கள். டச்சுக்காரர்கள் வாங்கி ஜாவாவில் விதைத்தார்கள். நீலகிரியில் இருந்த வகையைவிட அதில் கொய்னா பல மடங்கு. இருபதாம் நூற்றாண்டில் உலகத்தின் கொய்னாவில் பத்தில் ஒன்பது பங்கு ஜாவாவிலிருந்து வந்தது, விலையை டச்சுக்காரர்களே நிர்ணயித்தார்கள். (அந்த விதையைச் சேகரித்துக் கொடுத்த மானுவேல் என்ற பொலிவிய இந்தியர், அதற்காகவே சிறையில் அடைக்கப்பட்டு, அடிபட்டுச் செத்தார். விதைக்குப் பெயர் மட்டும் லெட்ஜர் பெயர்.)

1930களில் இந்தியா முழுவதும் வருடத்துக்குச் செலவான கொய்னா சுமார் 2 லட்சம் பவுண்டு. தேவை அதைப்போலப் பல மடங்கு. 1942 மார்ச்சில் ஜப்பான் ஜாவாவைப் பிடித்தது. ஒரே நாளில் வரத்து நின்றது. இருந்ததெல்லாம் பட்டாளத்துக்குப் போனது. 1810 நிலைமைதான் மறுபடியும்: மருந்து உண்டு, சிப்பாய்க்கு மட்டும்.

இதற்கிடையில் சென்னை மாகாணத்தில் நல்ல மாற்றங்களும் நடந்தன. 1920களில் மாவட்டத்துக்கு ஒரு சுகாதார அதிகாரி வந்தார். 1939ல் சென்னை பொது சுகாதாரச் சட்டம் வந்தது. இந்தியாவில் இந்த மாதிரி முதல் சட்டம் இதுதான். யுத்தத்துக்குப் பிறகு டி.டி.டி. வந்தது, குளோரோகுயின் வந்தது. 1953ல் தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கி, வீடு வீடாக மருந்து அடித்தார்கள். ஜன்னலில் வந்து வாங்கிக்கொள் என்ற காலம் போய், சுகாதார ஊழியர் வாசலுக்கு வரும் காலம் வந்தது.

இந்த இடத்தில் கதை மறுபடி ஆத்தூருக்கே வந்து நிற்கிறது. 1947ல் சின்னாளபட்டி பக்கத்தில் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் காந்திகிராமத்தை ஆரம்பித்தார்கள். சின்னதாக ஆரம்பித்த மருத்துவ நிலையம்தான் பிறகு கஸ்தூரிபா மருத்துவமனையாக வளர்ந்தது. சௌந்தரம் 1952 தேர்தலில் ஆத்தூர் தொகுதியில் நின்று ஜெயித்தார். 1959ல் ஆத்தூர் வட்டாரத்தில் காந்திகிராமம் ஒரு முன்னோடி சுகாதாரத் திட்டத்தைத் தொடங்கியது. ஒவ்வொரு கிராமத்துக்கும் போய், வீடுகளைக் கணக்கெடுத்து, உள்ளூர்ப் பெண்களையும் ஊர்த் தலைவர்களையும் சேர்த்துக்கொண்டு, தாய் சேய் நலமும் குடும்பக் கட்டுப்பாடும் எப்படி நடத்துவது என்று செய்து பார்த்தார்கள். குடும்பநலத் துறைப் புத்தகங்களில் இந்த ஆத்தூர் அனுபவம் உலக அளவில் பேசப்பட்டது. தெரு பார்த்துப் போன கொய்னாவுக்கும், வீடு எண்ணிப் போன இந்தத் திட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தைச் சுகாதாரம் படிக்கிற மாணவர்கள் ஒருதடவை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

தபால் துறைக்கும் மருந்துக்கும் உள்ள உறவு முழுக்க அறுந்துவிடவில்லை. 2020 ஊரடங்கில் ரயிலும் பஸ்ஸும் நின்றபோது, மருந்துகளையும் கொரோனா சோதனைக் கருவிகளையும் நாடு முழுக்கக் கொண்டுசேர்த்தது தபால் துறையின் சிவப்பு வண்டிகள்தான்.

சின்கோனா என்ற பெயரை இன்று மருந்துக் கடையில் யாரும் கேட்பதில்லை. ஆனால் வால்பாறைக்குப் போகிறவர்கள் அந்தப் பெயரில் ஒரு ஊரையே பார்க்கலாம். ஆனைமலையில் அரசு சின்கோனா தோட்டம் போட்ட இடம் அது. இப்போது சுற்றிலும் தேயிலை. ஊருக்கு ஒரு தபால் ஆபீஸும் உண்டு, அதன் பெயரும் சின்கோனாதான்.